‘அது மூவ் ஆகாது சார்’

2012-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அம்பத்தூர் ஓ.டி.யிலோ, ஆவடி நியூ மிலிட்டரி ரோட்டிலோ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ ஒரு செல்போன் கடைக்குள் போய் “லூமியா இருக்குங்களா?” என்று கேட்டவருக்கு அநேகமாக ஒரே பதில்தான் கிடைத்தது: “எதுக்கு சார் அது? மூவ் ஆகாது.” கொஞ்சம் பழகிய கடையாக இருந்தால் “வேணாம்ணே, சொன்னா கேளுங்க” என்று உரிமையோடு வரும். போன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சில கடைகளில் வெறும் டம்மி. சில கடைகளில் சார்ஜ் இறங்கி அணைந்து கிடக்கும் டெமோ பீஸ். எடுத்துக் காட்டச் சொன்னால், எடுத்து வரும் கையிலேயே ஒரு ஆண்ட்ராய்டு போனும் சேர்ந்து வரும்.

லூமியா என்பது விண்டோஸில் ஓடிய நோக்கியா போன். அதை வாங்கவிடாமல் தடுத்த இந்தப் பழக்கத்தைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உண்டு. விண்டோஸ் போன் பிரியர்கள் (ஆள் குறைவு, குரல் பெரிது) கடைப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, கமிஷனுக்காகப் பேசுகிறான் என்றார்கள். கடைக்காரர்கள், நாங்கள் சொன்னதுதானே கடைசியில் நடந்தது என்கிறார்கள். மைக்ரோசாஃப்டே கையை விரித்துவிட்ட பிறகு அவர்களை மறுத்துப் பேச ஆளில்லை. என் கணக்கு வேறு. அந்த ‘வேணாம்’ 2012-ல் சரியான யோசனை. 2013, 2014-ல் பலருக்குத் தவறான யோசனை. 2015-க்குப் பிறகு மறுபடியும் சரியான யோசனை. சொல் மாறவே இல்லை. போன்தான் மாறிக்கொண்டே இருந்தது. அந்த மாற்றம் கவுண்டருக்கு எட்டாமல் போனது ஏன் என்று பார்த்தால், கடைக்காரர் யோசனை என்கிற வழக்கத்தின் தரமும் குறையும் ஓரளவு பிடிபடும்.

கடை விற்பனையாளர்கள் விண்டோஸ் போனை ஒதுக்குகிறார்கள் என்ற புகார் அமெரிக்காவிலும் இருந்தது. விண்டோஸ் போன் குழுவில் பணியாற்றி மைக்ரோசாஃப்டை விட்டு வெளியேறிய சார்லி கிண்டல், 2011 டிசம்பரில் இதைப் பற்றி எழுதினார். மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தின் பிடியைத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் போன் தயாரிப்பாளர்களுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் அவர்களுக்கு அதில் ஆர்வமில்லை. வாடிக்கையாளரோ விளம்பரமும் கடைப் பணியாளரும் சொல்வதையே வாங்குகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று அங்கே கடை என்றால் பெரும்பாலும் வெரைசன், ஏ.டி. அண்ட் டி. போன்றவற்றின் சொந்தக் கடை. இரண்டு வருட ஒப்பந்தத்தோடு போனைச் சல்லிசாகக் கொடுப்பார்கள். எதைத் தள்ளுவது என்று மேலிடம் முடிவு செய்யும். நம் ஊரில் சிம் தனி, போன் தனி. ஏர்செல்லோ ஏர்டெல்லோ போன் விஷயத்தில் நமக்கு ஒன்றும் சொன்னதில்லை. முழு விலையையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். ஆகவே இங்கே கவுண்டரில் நிற்பவரின் சொல்லுக்கு அமெரிக்கக் கடைப் பணியாளரின் சொல்லைவிட எடை அதிகம்.

சென்னையின் மேற்கு ஓரத்தில் அந்த எடை இன்னும் கூடுகிறது. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருபவர், ஆவடி டாங்கி ஆலையிலும் ராணுவச் சீருடை ஆலையிலும் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்குப் பூந்தமல்லியில் காத்திருக்கும் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். 2013-ல் இவர்களில் பலருக்கு அது முதல் ஸ்மார்ட்போன். பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு மாத உழைப்பு, சிலருக்கு அதற்கும் மேல். அப்படிப் பணம் போடுகிறவர் போனோடு ஓர் ஆளையும் சேர்த்து வாங்குகிறார்: நாளைக்கு ஏதாவது என்றால் போய்க் கேட்பதற்கு ஓர் ஆள்.

அந்த ஆள் செய்யும் வேலைகளுக்கு எந்த நிறுவனமும் சம்பளம் தருவதில்லை. பழைய சிம்மை கட்டரில் வைத்து மைக்ரோ சிம்மாக வெட்டுவது, நம்பர்களை மாற்றித் தருவது, ஜிமெயில் ஐடி திறப்பது, வாட்ஸ்அப் போட்டுக் கொடுப்பது, ஸ்க்ராட்ச் கார்டு ஒட்டுவது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது. கடைசி இரண்டுக்குத்தான் காசு. சின்னக் கடைகளுக்குப் போன் விற்பதில் நிற்கும் லாபத்தைவிட பவுச்சிலும் கார்டிலும் பாட்டிலும் நின்ற லாபம் நம்பகமானது. இந்தக் கணக்குக்குள் வராத போனைக் கவுண்டர் வரவேற்காது என்பது பேராசை அல்ல, பிழைப்பு.

இப்போது 2012-க்குப் போவோம். நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் கைகோத்தது 2011 பிப்ரவரியில். அந்த ஆண்டின் இறுதியில் லூமியா 800, லூமியா 710 இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. ஒன்று 29,999 ரூபாய், மற்றது 18,999. உள்ளே இருந்தது விண்டோஸ் போன் 7.5. பார்க்க அழகு, கையில் பிடித்தால் சுகம். ஆனால் அதில் மெமரி கார்டு போட இடமில்லை. புளூடூத் இருந்தது, அதன் வழியாக ஒரு பாட்டையோ போட்டோவையோ இன்னொரு போனுக்கு அனுப்ப முடியாது. பாட்டு ஏற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஜூன் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். பிடித்த படப்பாட்டை ரிங்டோன் வைக்க, அதை நாற்பது விநாடிக்குள் வெட்டி வரச் சொன்னது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து புளூடூத்தில் பாட்டு வாங்கிப் பழகிய ஊரில் இந்த போனை விற்பவன் நாளை காலை கடை திறக்கும்போது வாசலில் யார் நிற்பார் என்று யோசிக்கத்தான் செய்வான்.

போதாக்குறைக்கு, 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தது. கூடவே, இப்போது விற்பனையில் இருக்கும் எந்த போனுக்கும் அது வராது என்றும் சொன்னது. முப்பதாயிரம் கொடுத்தவர்களின் போன் ஆறேழு மாதத்தில் பழைய காலத்துக்குத் தள்ளப்பட்டது. அந்தச் சமயத்தில் “வேணாம்ணே” என்று சொன்னவர் நூறு சதவீதம் வாடிக்கையாளரின் பக்கம் நின்றார். தொழில்நுட்பக் காரணம் அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டியதும் இல்லை. வாங்கிப் போன நான்கு பேரில் இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தால், அதுவே ஒரு கருத்துக்கணிப்பு. பளபளப்பான பத்திரிகை மதிப்புரையை எழுதியவரிடம் யாரும் திரும்பிப் போய் “இதுல பாட்டு அனுப்ப முடியலையே” என்று கேட்டதில்லை.

இதைத்தான் இந்தப் பழக்கத்தின் பெரிய பலமாகச் சொல்வேன். யோசனை தவறினால் அதன் சுமை யோசனை சொன்னவர் தலையிலும் கொஞ்சம் விழுகிறது. அதே தெருவில் கடை, அதே தெருவில் வாடிக்கையாளர். திட்டு வாங்கப் போகிறவன் சொல்லும் சொல்லில் ஒரு நிதானம் இருக்கும்.

ஆனால் திட்டு வாங்கிப் பெற்ற அறிவுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒருமுறை பதிந்தால் அழியாது. 2013 ஏப்ரலில் லூமியா 520 வந்தது, விலை 10,499 ரூபாய். உள்ளே விண்டோஸ் போன் 8. மெமரி கார்டு போடலாம், புளூடூத்தில் அனுப்பலாம். 2012-ன் குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை தீர்ந்துபோயின. கவுண்டரில் இந்தத் திருத்தம் பதிவாகவில்லை. “அதுல பாட்டு ஏறாது சார்” என்ற வாக்கியம் ஏறும் போனைப் பற்றியும் தொடர்ந்து சொல்லப்பட்டது.

அந்த விலையில் அன்று என்னவெல்லாம் கிடைத்தன என்று பார்த்தால் இதன் அநியாயம் புரியும். சாம்சங்கின் கேலக்ஸி ஸ்டார் 5,240 ரூபாய்க்கு வந்தது, 3ஜி கிடையாது. பத்தாயிரத்துக்குள் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2, ஐந்து அங்குலத் திரையோடு அந்தக் காலத்தின் ராஜா. இரண்டு சிம், பெரிய திரை, கேட்பவர் கண்ணை நிரப்பும். அதன் நினைவகம் 512 எம்.பி.; லூமியா 520-க்கும் அதே 512 எம்.பி. ஆனால் பத்து ஆப்புகளைப் போட்டுவிட்டால் ஆண்ட்ராய்டு மூச்சு வாங்கும். லூமியா அலுக்காமல் ஓடும். கையில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுத்ததில்லை. இன்னொன்று, லூமியாவின் ஹியர் மேப். 3ஜி டேட்டா ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போன காலத்தில், தமிழ்நாட்டு வரைபடம் முழுவதையும் ஒரே தடவை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே வழி கேட்டுப் போகலாம். கால் டாக்ஸி ஓட்டுபவருக்கோ, லோடு வண்டியில் தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாகச் சரக்கு இறக்குபவருக்கோ அதைவிட என்ன வேண்டும்? எந்தக் கடையிலும் இதை யாராவது ஓட்டிக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“ஆப் இல்ல சார்” என்பதும் பாதி உண்மைதான். யூடியூபுக்கு மைக்ரோசாஃப்ட் தானே செய்த ஆப்பை 2013-ல் கூகுள் முடக்கியது. இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான், அதுவும் சோதனைப் பதிப்பாக, எட்டிப் பார்த்தது. கேண்டி கிரஷ் வந்தபோது 2014 டிசம்பர். ஆனால் திருவள்ளூர் லைனில் ரயிலேறும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி: ரயில் டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. தன் அதிகாரபூர்வ ஆப்பை முதலில் வெளியிட்டது விண்டோஸ் போனுக்கு, 2013 ஜூலையில். ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அது கிடைக்க அடுத்த ஆண்டு அக்டோபர் வரை ஆனது. ஆக, எந்த ஆப் இல்லை, யாருக்கு அது வேண்டும் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமல் ‘ஆப் இல்ல’ என்று மொத்தமாகக் கதவைச் சாத்தியது சோம்பல்.

ஓய்வு பெற்ற ஓர் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டும், பேரப்பிள்ளையின் போட்டோ வாட்ஸ்அப்பில் வர வேண்டும், எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். முகப்பில் பெரிய பெரிய கட்டங்கள், எதைத் தொட்டால் என்ன வரும் என்ற குழப்பமில்லாத திரை. அவருக்கென்றே செய்த மாதிரி இருந்த போனைக் காட்டாமல், மூன்று பக்கம் ஐகான் நிறைந்த போனைக் கையில் கொடுத்து “பையன்கிட்ட கேட்டுக்கோங்க சார்” என்று அனுப்பினார்கள். நியாயமான தடை ஒன்று இருந்தது: இரண்டு சிம். நைட் காலுக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று என்று வாழ்ந்த ஊரில் 2014 நடுப்பகுதி வரை நோக்கியாவின் எந்த லூமியாவும் இரண்டு சிம்மை ஏற்கவில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்த கடைக்காரர் சரியாகவே மறுத்தார். ஆனால் ஒற்றைச் சிம் போதும் என்பவரிடமும் அதே மறுப்பு.

இங்கே கடைக்காரர்களின் வலுவான வாதத்தைச் சந்தித்துவிட வேண்டும். “நாங்க அப்பவே சொன்னோம், அது செத்துடும்னு.” உண்மைதான், செத்தது. விண்டோஸ் போன் 8.1-க்கான ஆதரவு 2017 ஜூலை 11-ல் முடிந்தது. வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-ல் விலகியது. அடுத்த இரண்டு வாரத்தில் விண்டோஸ் 10 மொபைலும் மூடப்பட்டது. ஆனால் 2013-ல் லூமியா 520 வாங்கியவருக்கு இந்தச் சாவால் என்ன நஷ்டம்? அதை 8.1-க்கு ஏற்றியிருந்தால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அதில் வாட்ஸ்அப் ஓடியிருக்கும். பத்தாயிரம் ரூபாய்ப் போனை எவர் ஆறு ஆண்டு வைத்திருக்கிறார்? இரண்டு, மூன்று வருடத்தில் பேட்டரி உப்பி, திரை உடைந்து, அது மேசை அறைக்குள் போய்விடும். அதே கவுண்டரில் வாங்கிய உள்ளூர் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை வாங்கிய நாளில் இருந்த பதிப்போடே கடைசி வரை இருந்தன. “அப்டேட் வராது” என்ற பயம் லூமியாவுக்கு மட்டும் சொல்லப்பட்டது. ஒரு தளத்தின் ஆயுளைச் சரியாகக் கணிப்பதும், எதிரே நிற்கும் ஒருவருக்கு அடுத்த இரண்டு வருடத்துக்கு எது உதவும் என்று சொல்வதும் வேறு வேறு வேலை. கடைக்காரர் முதல் வேலையில் ஜெயித்துவிட்டு இரண்டாவதற்கும் பரிசு கேட்கிறார்.

இனி கமிஷன். கடையில் சீருடை போட்டு நிற்பவர்கள் எல்லோரும் கடையின் ஆட்கள் இல்லை. சிலர் புரமோட்டர்கள், சம்பளம் போன் கம்பெனியிலிருந்து வருகிறது. மாதத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், ஒவ்வொரு பீஸுக்கும் இன்சென்டிவ். கடையின் சொந்தப் பணியாளருக்கும் குறிப்பிட்ட மாடல்களுக்கு ஸ்கீம் உண்டு. தானாகவே விற்கும் பிராண்டுக்கு லாப விகிதம் குறைவாக இருக்கும். புதிதாக இடம் பிடிக்க வருபவர் அள்ளிக் கொடுப்பார். 2015-க்குப் பிறகு ஓப்போவும் விவோவும் ஊர் ஊராகப் பெயர்ப் பலகையைப் பச்சையும் நீலமுமாக மாற்றியது இந்த வழியில்தான்.

அப்படியானால் விண்டோஸ் போனைக் கமிஷன்தான் கொன்றதா? இரண்டு சாட்சிகள் எதிரெதிராகப் பேசுகின்றன. 2014-ல் சிறு திரைக் கருவிகளுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. உடனே மைக்ரோமேக்ஸ் 6,500 ரூபாய்க்கும் 9,500 ரூபாய்க்கும் இரண்டு கேன்வாஸ் வின் போன்களை இறக்கியது. சோலோ, கார்பன், செல்கான் பின்தொடர்ந்தன. கடைக்காரர்களோடு நெருக்கமாகத் தொழில் செய்த உள்ளூர்க் கம்பெனிகள் இவை. கமிஷன் மட்டுமே காரணம் என்றால் இவையாவது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஆக, தளத்தின் மேலேயே கவுண்டருக்கு உண்மையான அவநம்பிக்கை இருந்தது. இன்னொரு சாட்சி மோட்டோ ஜி. 2014 பிப்ரவரியில் 12,499 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்டில் மட்டும் வந்தது. சுத்தமான ஆண்ட்ராய்டு, அந்த விலையில் அதைவிட நல்ல போன் கிடையாது. கடையில் அதைப் பற்றி விசாரித்தவருக்கு என்ன கிடைத்தது? “ஆன்லைன்ல வாங்குனா சர்வீஸ் கிடைக்காது சார். பாக்ஸ்ல செங்கல் வந்தாலும் வரும்.” ஷியோமி வந்தபோதும் அதே பாட்டு. அங்கே தளத்தில் குறையே இல்லை. கடைக்கு அதில் லாபமில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு வழக்கை முடித்துவைக்கிறது. 2015 ஜனவரியில் சாம்சங் இசட்1 என்ற போன் 5,700 ரூபாய்க்கு வந்தது. உள்ளே ஆண்ட்ராய்டும் இல்லை, விண்டோஸும் இல்லை. டைசன் என்று ஒன்று. உலகிலேயே முதன்முதலாக டைசன் போன் விற்கப்பட்டது இந்தியாவில்தான். ஆப் பஞ்சம் என்றால் விண்டோஸை விட மோசம். ஆனால் ஆறு மாதத்தில் இந்தியாவில் பத்து லட்சம் விற்றதாக சாம்சங் அறிவித்தது. “ஆப் இல்ல” என்ற கவலை எங்கே போயிற்று? சாம்சங் பெயர் பலகையில் இருந்தது, சாம்சங் புரமோட்டர் பக்கத்திலேயே நின்றார், விலை கையைக் கடிக்கவில்லை. 2017-ல் வந்த ஜியோபோனைப் பாருங்கள்: அதற்குள் ஓடுவது கைஓஎஸ் என்று விற்றவருக்கும் தெரியாது, 1,500 ரூபாய் வைப்புத்தொகை கட்டி வாங்கியவருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் வந்ததே அடுத்த ஆண்டு செப்டம்பரில். யாரும் “வேணாம்ணே” என்று தடுக்கவில்லை. தளம், தளம் என்று பேசியதெல்லாம் சௌகரியப்பட்டபோது மட்டும்.

இப்படி உண்மையான அவநம்பிக்கையும் கூலிக்கு வந்த சிபாரிசும் ஒரே குரலில் பேசுவதுதான் சிக்கல். தெருக் கடைக்காரர் அண்ணே என்று அழைத்துச் சொன்ன யோசனைக்குப் பின்னால் திட்டு வாங்கிய அனுபவம் இருந்தது. அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போகும் புரமோட்டரும் அதே அண்ணே, அதே உரிமை, அதே ‘சொன்னா கேளுங்க’. கேட்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. மியூச்சுவல் ஃபண்டில் முதலீட்டாளர் மூலம் முகவருக்குப் போன கமிஷனைக் கணக்கு அறிக்கையில் ரூபாயாகக் காட்டச் சொல்கிறது செபி. போன் கவுண்டரில் அப்படி ஒரு சீட்டும் ஒட்டப்படுவதில்லை. ‘இந்த மாடலுக்கு இந்த மாதம் எங்களுக்கு இவ்வளவு’ என்று ஒரு தாள் கண்ணாடியில் தொங்கினால் வியாபாரம் படுத்துவிடாது. கேட்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்பார், அவ்வளவே.

சரி, கவுண்டரின் வெறுப்பே அந்தத் தளத்தை முடித்தது என்று சொல்லலாமா? உலகச் சந்தையில் 2013-ன் மூன்றாம் காலாண்டில் விண்டோஸ் போனின் பங்கு 3.6 சதவீதம் என்றது சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி.; அதுவே ஏறத்தாழ உச்சம். அம்பத்தூரும் ஆவடியும் அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஆனால் ஊர் அளவில் ஒரு வட்டம் சுற்றியது நிஜம். கடை லூமியாவைக் காட்டாது, அதனால் விற்காது. விற்காததால் அதற்குப் பவுச்சும் ஸ்க்ராட்ச் கார்டும் வரவழைக்க மாட்டார்கள். கவர் கிடைக்காத போனை யார் வாங்குவார்? வாங்கியவருக்கும் ரீசேல் இல்லை, எக்ஸ்சேஞ்சில் மதிப்பில்லை. “பாத்தீங்களா சார், கவர்கூட கிடைக்காது” என்று கடைக்காரர் தான் கட்டிய சுவரையே சாட்சிக்கு அழைப்பார்.

பெரிய குற்றவாளிகள் கவுண்டருக்கு மேலே இருந்தார்கள். 2014 ஒன்றே போதும். மார்ச்சில் நோக்கியாவே 8,599 ரூபாய்க்கு நோக்கியா எக்ஸ் என்ற போனை விற்றது: தோற்றம் லூமியா மாதிரி, உள்ளே ஆண்ட்ராய்டு, ஆனால் பிளே ஸ்டோர் கிடையாது. விற்பவருக்கே விளக்கத் தெரியவில்லை. ஜூலையில் அந்த வரிசையையே கைவிட்டார்கள். ஏப்ரல் 25-ல் போன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. மே மாதத்தில் ஒருவழியாக இரண்டு சிம் லூமியா 630 வந்தது, விலை 11,500. சரியாக அந்த மாத நடுவில் விண்டோஸ் போன் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் காணாமல் போய், மாதக் கடைசியில்தான் திரும்பியது. புதுப் போனை வாங்கிய கையோடு வாட்ஸ்அப் போடச் சொன்னவரிடம் கடைப் பையன் என்ன பேசியிருப்பான்! இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பும் இப்படிப் போயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் ஓட்டம் நின்றது. 2006-ல் தொடங்கி, உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை பார்த்த ஆலை. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தில் அது சேரவில்லை. அங்கே செய்தவை பெரும்பாலும் சாதாரணப் பட்டன் போன்கள்தான். லூமியாவின் தலைவிதிக்கும் அந்த வழக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் பூந்தமல்லி வழியாக தினமும் நோக்கியா பஸ் போய் வந்த ஊர் இது. கடைக்காரரிடம் மிச்சமிருந்த ஒரே விற்பனை வாதம் ‘நோக்கியா சார், கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது’ என்பதுதான். ஆலை மூடிய மாதத்திலேயே, நோக்கியா என்ற எழுத்தை எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் லூமியா 535 என்று 9,199 ரூபாய்க்கு ஒரு போன் வந்தது. அந்த வாதமும் போயிற்று.

அதன் பிறகு ‘வேணாம்’ மறுபடி சரியாயிற்று. 2015 ஜூலையில் நோக்கியாவை வாங்கிய கணக்கில் 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் தள்ளுபடி எழுதியது. அதற்குப் பிறகும் நவம்பரில் லூமியா 950-ஐ 43,699 ரூபாய்க்கு இந்தியாவில் விற்றார்கள். எல்லா லூமியாவுக்கும் விண்டோஸ் 10 வரும் என்ற பேச்சு, 2016 மார்ச் பட்டியலில் 520-ம் 630-ம் இல்லாமல் முடிந்தது. அப்போது தடுத்த கடைக்காரர் வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பாற்றினார். ஆனால் 2012-ல் போல அனுபவத்தால் வந்த தீர்ப்பாக அது இல்லை. 2012-லிருந்து நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் தற்செயலாக மறுபடி உண்மையோடு ஒத்துப்போனது. ஓடாத கடிகாரமும் ஒரு நாளில் இரண்டு தடவை சரியான நேரம் காட்டும்.

இன்று அந்தக் கடைகளில் மூன்றாவது தளம் என்று ஒன்று இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் ஐபோன் செய்கிறார்கள்; பூந்தமல்லிக் கடையில் அதைத் தவணையில் வாங்க வைப்பதற்குத் தனி மேசை. ‘வேணாம்’ இப்போது தளங்களை விட்டு பிராண்டுகளுக்கு இடம் மாறியிருக்கிறது. மாறாதது இன்சென்டிவ். மாறியது கடை. ரீசார்ஜ் போனுக்குள்ளேயே போய்விட்ட பிறகு, பாட்டு ஏற்றும் தொழில் ஒழிந்த பிறகு, தெருமுனைக் கடைகளில் பல புதுப் போன் விற்பதை விட்டுவிட்டு டெம்பர் ஒட்டுவதிலும் டிஸ்பிளே மாற்றுவதிலும் நிற்கின்றன. புதுப் போன் வியாபாரம் ஏ.சி. போட்ட பெரிய கடைகளுக்கு நகர்ந்தது. அங்கே பில் உண்டு, ஆஃபர் உண்டு, திரும்பி வந்து கத்தினால் கத்து வாங்குவதற்கு அன்று விற்ற ஆள் இருக்க மாட்டார். எந்த மாடலின் சார்ஜிங் போர்டு எத்தனை மாதத்தில் போகிறது, எதற்கு ஸ்பேர் கிடைக்காது, எது ஒரு மழைக்குத் தாங்காது என்பதெல்லாம் இப்போது அந்தச் சின்னக் கடைகளின் சர்வீஸ் மேசையில் குவிகிறது. அந்தத் தகவல் பெரிய கடையின் கவுண்டருக்குப் போய்ச் சேர எந்த வழியும் இல்லை. போன் வாங்குமுன் சர்வீஸ் கடைக்காரரிடம் போய் ஒரு வார்த்தை கேட்பவர்களும் குறைவு. கேட்டால், அவருக்கு அதில் இன்சென்டிவ் ஏதும் இல்லை.